இலையின் நஞ்சும் நஞ்சுமுறிவும்: ஓசூர், கிருஷ்ணகிரிப் பயிர்களை முன்வைத்து ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

பாற்கடலைக் கடைந்தபோது அமிழ்தும் ஆலகால நஞ்சும் ஒரே கடைதலில் தோன்றின என்பது புராண மரபு. பசிய இலையுள் நாள்தோறும் நிகழ்வதும் இதனை ஒத்ததே. ஞாயிற்றின் ஒளியைக் கொண்டு நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்து இலை உணவு சமைக்கின்றது. அவ்வொளியே, அதே இடத்தில், அதே நொடியில், இலையைக் கொல்லவல்ல நச்சுப் பொருள்களையும் பிறப்பிக்கின்றது. அந்நஞ்சினை இலை எவ்வாறு முறிக்கின்றது என்பதனை விளக்குதலும், அவ்விளக்கத்திற்குத் தமிழில் வழங்கும் சொற்கள் எத்துணைப் பொருந்துவன என ஆராய்தலுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு ஓசூர், கிருஷ்ணகிரி நிலப்பகுதியை எடுத்துக்கொள்வதற்குக் காரணங்கள் உள. கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்த ஓசூர் மேட்டுநிலத்தில் கேழ்வரகும், பசுமைக்குடில்களில் ரோசாவும் விளைகின்றன. கீழிறங்கினால் கிருஷ்ணகிரியைச் சூழ மாந்தோப்புகள் பரந்து கிடக்கின்றன. கேழ்வரகும் மாவும் ஒரே ஞாயிற்றின் கீழ் ஒரே காற்றை உண்பவை. எனினும் நஞ்சினைக் கையாளும் முறையில் வேறுபட்டவை. அன்றியும் 1970களுக்குப் பின்னர் இப்பகுதி கருநாடக எல்லையை ஒட்டிய பெருந்தொழில் மண்டலமாக வளர்ந்துள்ளது. ஆலைகளும் நெடுஞ்சாலை ஊர்திகளும் காற்றில் சேர்ப்பவை, இலை முறிக்க வேண்டிய நஞ்சின் சுமையைக் கூட்ட வல்லவை.

மற்றுமொரு காரணம் மொழி பற்றியது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, 1916இல் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு சங்கம் கண்டார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானவியல், கணிதம் ஆகிய துறைகளுக்குரிய சொற்களை அச்சங்கம் ஆக்க முற்பட்டது. ‘திண்ணை இரசாயனம்’, ‘தாவரங்களின் இல்லறம்’ எனும் நூல்களையும் அவர் இயற்றினார். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 1965இல் தருமபுரி மாவட்டத்துள் அடங்கி, 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் எனத் தனியே அமைந்தன. தமிழில் தாவரவியலையும் வேதியியலையும் சொல்ல இயலுமா என்னும் வினா இந்நிலத்தார் ஒருவர் முன்னின்று எழுப்பிய வினாவாதலின், ஈண்டு அவ்வினாவைத் தொடர்தல் பொருத்தமுடையது.

2. உயிர்வளி என்னும் பெயர்

இலையின் நஞ்சினைப் பற்றிப் பேசப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் தடை ஒரு பெயரே. ஆக்சிஜனைப் ‘பிராணவாயு’ என முன்னையோரும் ‘உயிர்வளி’ எனப் பின்னையோரும் வழங்கினர். நன்னூலார் வகுத்த இருவகைப் பெயருள் இது காரணப்பெயர். ஆயின் காரணம் பாதியே கூறப்பட்டது. உயிர்வளி உயிரை வளர்ப்பதோடு உயிரணுவை எரிக்கவும் செய்யும். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும், எண்ணெயைச் சிக்குப்பிடிக்கச் செய்வதும், நெருப்பை வளர்ப்பதும் அதுவே. ‘உயிர்வளி எங்ஙனம் நஞ்சாகும்?’ என மாணவர் மயங்குவாராயின், அம்மயக்கம் பெயரால் விளைந்தது எனலாம்.

இக்குறை தமிழுக்கே உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலவாசியே இவ்வளிக்கு இட்ட பெயர், ‘புளிப்பை ஆக்குவது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆயது. அமிலங்கள் யாவும் இவ்வளியாலேயே உண்டாகின்றன என அவர் கருதினார். அக்கருத்துப் பிழையெனப் பின்னர்த் தெளியப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. செருமானியர் இன்றும் அதனைப் ‘புளிப்புப் பொருள்’ என்னும் பொருள்படவே வழங்குகின்றனர். எனவே காரணப்பெயர் காலப்போக்கில் இடுகுறிபோல் நின்றுவிடுதல் எம்மொழிக்கும் இயல்பு. பெயரை மாற்றுதல் வேண்டுவதன்று. பெயர் கூறாது விட்டதை உரை கூறுதல் வேண்டும்.

புவியின் வரலாற்றில் இவ்வளி பிற்காலத்து வரவு. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகட்கு முன்னரே வளிமண்டலத்தில் அது தங்கத் தொடங்கியது. நீரைப் பிளந்து ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள் அதனைக் கழிவாக வெளியிட்டன. இன்று காற்றில் அது ஏறத்தாழ 21 விழுக்காடு. கரியமில வாயுவோ 0.04 விழுக்காட்டைச் சற்றே கடந்த அளவினது. இவ்வேற்றத்தாழ்வே இனிக் கூறப்படும் முதல் நஞ்சிற்கு அடிப்படை.

3. முதல் நஞ்சு: நொதியின் தடுமாற்றம்

பசுங்கணிகத்துள் கரியமில வாயுவைப் பற்றிச் சருக்கரை ஆக்கும் நெறியின் வாயிலில் நிற்பது ரூபிஸ்கோ எனும் நொதி. இலைப்புரதங்களுள் மிகுதியானது இதுவே. மிகுதியாக இருத்தற்குக் காரணம் அதன் மந்தகதி. நொடிக்கு ஒருசில மூலக்கூறுகளையே அது பற்றவல்லது. இந்நொதி தோன்றிய தொல்காலத்தில் காற்றில் உயிர்வளி இல்லை எனலாம். ஆகவே கரியமில வாயுவையும் உயிர்வளியையும் பிரித்தறியும் தேவை அதற்கு ஏற்படவில்லை. இன்றோ உயிர்வளி பல நூறு மடங்கு மிகுந்திருத்தலின், நொதி அடிக்கடி தடுமாறி அதனையும் பற்றிவிடுகின்றது. மிதமான வெப்பத்தில் மூன்று அல்லது நான்கு முறை கரியமில வாயுவைப் பற்றினால் ஒரு முறை உயிர்வளியைப் பற்றும் என்பது பொதுக் கணக்கு. வெப்பம் ஏற ஏறத் தடுமாற்றமும் ஏறும்.

தடுமாற்றத்தின் விளைவாகப் பிறப்பது பாஸ்போகிளைக்கோலேட் எனும் இருகரிப் பொருள். அது சருக்கரை ஆக்கும் நெறியிலுள்ள வேறு நொதிகளின் வாயில் அடைத்துக்கொள்ளும்; தேங்கினால் உணவாக்கமே நின்றுவிடும். இது வெறுங் கழிவன்று, நஞ்சே என்பதற்கு 1979இல் சாமர்வில்லும் ஆக்ரனும் வெளியிட்ட ஆய்வு சான்று. இப்பொருளை உடைக்கும் நொதி அற்ற ஒரு சிறுசெடியை அவர்கள் கண்டெடுத்தனர். கரியமில வாயு மிகுந்த காற்றில் அச்செடி செவ்வனே வளர்ந்தது. இயல்பான காற்றிற்கு மாற்றியதும் அதனால் வாழ இயலவில்லை. நாம் நற்காற்று என்பது அச்செடிக்கு நஞ்சாயிற்று.

இவ்வறிவு ஒரே நாளில் எய்தியதன்று. உயிர்வளி மிகுந்தால் ஒளிச்சேர்க்கை குன்றும் என்பதனை 1920இல் வார்பர்க் கண்டார். விளக்கை அணைத்தவுடன் இலை சிறிது நேரம் கரியமில வாயுவை மிகுதியாக வெளிவிடுதலை 1955இல் டெக்கர் அளந்தார். 1971இல் பௌவெஸ், ஆக்ரன், ஹேக்மன் ஆகியோரே உயிர்வளி ரூபிஸ்கோவிலேயே பற்றப்பட்டுப் பாஸ்போகிளைக்கோலேட் ஆகின்றது என நிறுவினர். அரை நூற்றாண்டாகத் தனித்தனியே நின்ற செய்திகள் அன்றே ஒரு கோவையாயின.

4. மூன்று அறைகளில் நிகழும் மீட்பு

நஞ்சினை அழித்து எறிந்துவிடின் அதிலுள்ள கரியும் உடன் அழியும். இலை அவ்வாறு செய்வதில்லை. நஞ்சினை முறித்து, அதிலுள்ள கரியுள் பெரும்பகுதியை மீட்டெடுக்கின்றது. இம்மீட்பு ஓரறையில் முடிவதன்று. பசுங்கணிகம், பெராக்சிசோம், இழைமணி என்னும் மூன்று அறைகளைக் கடந்து செல்வது. இலையணுக்களில் இம்மூன்றும் ஒன்றையொன்று ஒட்டியே காணப்படும்.

முதற்கண், பசுங்கணிகத்துள் பாஸ்பேட் நீக்கப்பட்டுக் கிளைக்கோலேட் ஆகின்றது. அது பெராக்சிசோமுட் புகும். அவண் ஒரு நொதி அதனை உயிர்வளியோடு கூட்டிக் கிளையாக்சிலேட் ஆக்கும். இப்படியில் ஹைட்ரஜன் பெராக்சைடு எனும் மற்றொரு நஞ்சு பிறக்கின்றது. ஒரு நஞ்சினை முறிக்கப் புகுந்து மற்றொன்றைப் பெற்ற நிலை இது. ஆயின் அந்த அறையே அதற்கென அமைந்தது; அதனுள் கேட்டலேஸ் எனும் நொதி நிறைந்துள்ளது. பெராக்சைடைப் பிளந்து நீரும் உயிர்வளியுமாக ஆக்குதல் அதன் தொழில். நொதிகளுள் மிக விரைந்து செயல்படுவனவற்றுள் ஒன்று அது. நொடிக்குப் பல இலக்கம் மூலக்கூறுகளைப் பிளக்கவல்லது. பெராக்சிசோம் என்னும் பெயரே பெராக்சைடின் அடியாகப் பிறந்தது. 1960களின் இடையில் டி டூவ் அப்பெயரை இட்டார். 1968இல் டால்பர்ட்டும் அவர்தம் குழுவினரும் இலைகளில் அவ்வறையைப் பிரித்தெடுத்துக் காட்டினர்.

கிளையாக்சிலேட் பின்னர் கிளைசின் எனும் அமினோ அமிலமாகி இழைமணியை அடையும். அங்கே இரண்டு கிளைசின் சேர்ந்து ஒரு செரின் ஆகும். அவ்வாறு ஆகும்போது கரியமில வாயுவும் அம்மோனியாவும் வெளிப்படும். அம்மோனியாவும் நஞ்சே; அதனை இலை உடனே பிடித்து மீண்டும் அமினோ அமிலத்தில் சேர்த்துவிடும். செரின் மீண்டும் பெராக்சிசோம் வழியாகச் சென்று கிளிசரேட் ஆகிப் பசுங்கணிகத்தை அடைந்து, ஆற்றல் செலவில் சருக்கரை நெறியிற் கலக்கும்.

கணக்கிட்டு நோக்கின், நஞ்சாகி நின்ற நான்கு கரியணுக்களுள் மூன்று மீள்கின்றன. ஒன்று கரியமில வாயுவாகப் போய்விடுகின்றது. அதனோடு ஆற்றலும் செலவாகின்றது. நெல், கோதுமை, மா போன்ற பயிர்கள் வெப்ப நாளில் தாம் சேர்த்த கரியில் கால்பங்கு வரையிலும் இவ்வாறு இழத்தல் உண்டு.

5. இரண்டாம் நஞ்சு: ஒளியால் வெறிகொண்ட உயிர்வளி

முதல் நஞ்சு நொதியின் தடுமாற்றத்தால் வருவது. இரண்டாவது ஒளியின் மிகையால் வருவது. நண்பகலில் இலைமேல் விழும் ஒளி, அது பயன்கொள்ளத்தக்க அளவினும் மிகுதி. மிகுந்த ஆற்றல் எங்கேனும் செல்லுதல் வேண்டும். பச்சையத்தில் தங்கிய மிகையாற்றல் அருகிலுள்ள உயிர்வளியைக் கிளர்த்தி விடுவது ஒரு வகை. இதனைக் கிளர்நிலை உயிர்வளி எனலாம். ஒளிச்சேர்க்கைத் தொடரின் கடைமுனையில் மின்னணு ஒன்று தவறி உயிர்வளிமேற் சென்று சேர்வது மற்றொரு வகை. இதன் விளைவு சூப்பராக்சைடு. 1951இல் மேலர் இரண்டாம் வகையின் விளைவைப் பசுங்கணிகத்தில் முதலிற் கண்டார்.

இவை அணுவின் மென்படலங்களையும் புரதங்களையும் சிதைப்பன. இவற்றின் கொடுமையை உழவர் ஒரு களைக்கொல்லியின் வாயிலாக அறிந்துள்ளனர். 1960களில் விற்பனைக்கு வந்த பாராகுவாட் எனும் மருந்து, தொடரின் கடைமுனையில் மின்னணுக்களைப் பறித்து உயிர்வளியிடம் சேர்ப்பது. தெளித்த இலை வெயிலில் சில மணி நேரத்திலேயே வாடிக் கருகும். இருளில் அவ்வளவு விரைவு இல்லை. செடியைக் கொல்வது பெரும்பாலும் அம்மருந்தன்று. செடியின் ஒளிச்சேர்க்கையே அதனைக் கொல்கின்றது. இயல்பான நாளில் இந்நஞ்சு எத்துணை நெருங்கி நின்று அடக்கப்படுகின்றது என்பது இதனால் விளங்கும்.

அடக்கும் முறை படிப்படியானது. சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது ஒரு நொதி. 1969இல் மக்கார்டும் பிரிடோவிச்சும் அதன் தொழிலைக் கண்டறிந்தனர். அங்ஙனம் வந்த பெராக்சைடை முறிக்கப் பசுங்கணிகத்தில் கேட்டலேஸ் இல்லை. அங்கு அத்தொழிலைச் செய்வது அஸ்கார்பிக் அமிலம், அஃதாவது நெல்லிக்கனியிலும் எலுமிச்சையிலும் நாம் விரும்பும் உயிர்ச்சத்து சி. அது தன் மின்னணுக்களைக் கொடுத்துப் பெராக்சைடை நீராக்கும். கொடுத்து வறியதான அஸ்கார்பேட்டை மீண்டும் நிறைப்பது குளூட்டதையோன் எனும் சிறுபொருள். குளூட்டதையோனை நிறைப்பது ஒளிச்சேர்க்கை ஆக்கித் தந்த ஆற்றற்பொருளே. 1976இல் பாயர், ஹாலிவெல் ஆகியோரும், அக்காலத்தையொட்டி அசாதாவும் இச்சுழலை வெளிப்படுத்தினமையின், அவர்தம் பெயரால் இது வழங்கப்படுகின்றது. ஒளி ஆக்கிய நஞ்சினை ஒளி ஆக்கிய பொருளே முறிக்கின்றது என்பதே இதன் சாரம். நீரிலிருந்து புறப்பட்ட மின்னணு உயிர்வளியைச் சார்ந்து பெராக்சைடாகி மீண்டும் நீரிலேயே முடிதலின், அசாதா 1999இல் இதனை ‘நீரிலிருந்து நீருக்குச் செல்லும் சுழல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். பெராக்சைடு முற்றும் ஒழிக்கத்தக்க பகையன்று. சிற்றளவில் அது அணுவினுள் தூது செல்கின்றது. ஒளி மிகுந்தது, நீர் குறைந்தது, பூஞ்சை தாக்கிற்று என்னும் செய்திகளை அறிவிக்க இலை அதனையே பயன்படுத்துகின்றது. ஆகவே இலையின் தொழில் நஞ்சினை வேரறுத்தல் அன்று, அளவில் நிறுத்தலே.

6. மாந்தளிரும் மாமையும்

நஞ்சு பிறந்தபின் முறிப்பதினும் பிறவாமற் காத்தல் சிறந்தது. அதற்கு இலை கொண்ட வழிகளுள் முதன்மையானது மஞ்சள் நிறமிகளின் தொழில். ஒளி மிகும்போது அந்நிறமிகளுள் ஒன்று மற்றொன்றாக உருமாறி, மிகையாற்றலை வெப்பமாக மாற்றி வெளியேற்றும். ஒளி தணிந்ததும் முன்னிலைக்கு மீளும். இத்துணைக் காப்புகளையும் மீறிச் சிதையும் புரதங்களை இலை பகல் முழுதும் பெயர்த்தெடுத்துப் புதியன வைத்துக்கொண்டே இருக்கின்றது.

இளந்தளிர்க்கு இக்காப்புகள் முற்றவும் அமைவதில்லை. பச்சையம் நிறையாத, உணவாக்கும் நொதிகள் முற்றாத நிலையில் ஒளி மட்டும் முழு வலிமையோடு விழும். மாந்தளிர் செந்நிறமும் செம்புநிறமும் கொண்டு விளங்குதற்கு அதன் மேற்புறத்துள்ள ஆந்தோசயனின் எனும் நிறமி காரணம். அது மிகையொளியை வடிகட்டும் திரையாக நின்று தளிரைக் காக்கின்றது என அறிஞர் பலர் கருதுவர். பூச்சிகளைத் தடுத்தலும் அதன் பயன் என்பாரும் உளர். சங்கச் சான்றோர் தலைவியின் மாமை நிறத்திற்கு மாந்தளிரை உவமை காட்டியமை தமிழ் மாணவர் அறிந்ததே. கிருஷ்ணகிரித் தோப்புகளில் கிளிமூக்கு எனவும் பெங்களூரா எனவும் வழங்கும் மாவின் தளிரைக் காண்போர், அந்நிறம் பச்சையாக மாறும் சில வாரங்களுள் இலையின் நஞ்சுமுறிவு அமைப்பும் முற்றுகின்றது என்பதனையும் உடன் எண்ணிக்கொள்ளலாம். அவ்வுவமையின் பொருள் இதனால் மாறுவதில்லை. உவமைக்கு நிலைக்களனான காட்சி மட்டும் தெளிவு பெறுகின்றது.

7. புல்லும் மரமும்

தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் எனவும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் எனவும் பகுக்கும். இப்பகுப்பின்படி கேழ்வரகு புல், மா மரம். நஞ்சினைக் கையாளும் முறையாலும் இவ்விரண்டும் வேறாதல் ஈண்டுக் காணத்தக்கது.

மா, முதலிற் கூறிய முக்கரி வழியைப் பின்பற்றுவது. அதாவது கரியமில வாயுவை ரூபிஸ்கோ நேரே பற்ற, மூன்று கரியணுக்களை உடைய பொருள் முதலில் தோன்றும். கேழ்வரகு நாற்கரி வழியைக் கொண்டது. அதன் இலையில் நரம்பைச் சுற்றி மாலை தொடுத்தாற்போல் ஓர் அணுவரிசை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹாபர்லாண்ட் இவ்வமைப்பைக் கண்டு மாலை என்னும் பொருள்படும் செருமானியச் சொல்லாலேயே பெயரிட்டார். புறத்தேயுள்ள அணுக்கள், உயிர்வளியால் தடுமாறாத வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பற்றி நாற்கரிப் பொருளாக்கும். அப்பொருள் மாலையணுக்களுட் சென்று மீண்டும் கரியமில வாயுவை விடும். ரூபிஸ்கோ அங்கேயே அமர்ந்துள்ளது. தன்னைச் சூழக் கரியமில வாயு செறிந்திருத்தலின் அது தடுமாறுவது மிகக் குறைவு. ஆகவே பாஸ்போகிளைக்கோலேட்டும் சிறிதளவே பிறக்கும். கரும்பில் இவ்வழியை 1966இல் ஹாட்ச், சிலாக் ஆகிய இருவரும் தெளிவுற விளக்கினர்.

மா நஞ்சினைப் பிறப்பித்து முறிக்கின்றது. கேழ்வரகு பிறவாமலே பெரும்பாலும் காக்கின்றது. எனினும் கேழ்வரகின் முறைக்கும் விலையுண்டு. ஒவ்வொரு கரியமில வாயுவிற்கும் கூடுதலாக ஆற்றல் செலவாகும். வெப்பமும் வறட்சியும் ஒளியும் மிகுந்த இடத்தில் அச்செலவு ஊதியமாகும். குளிரிலும் நிழலிலும் நட்டமாகும். மழையை நம்பிய மானாவாரி நிலத்தில், நீரைக் காக்க இலைத்துளை சுருங்கும்போது இலையினுள் கரியமில வாயு குறையும், ஒளியோ குறையாது. முக்கரிப் பயிர்க்கு அப்போது இருவகை நஞ்சும் ஏறும். கேழ்வரகோ குறைந்த கரியமில வாயுவையும் ஈர்த்துச் செறிக்கவல்லது. கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் தோன்றிய இப்பயிர், இச்செம்மண் மேட்டில் ஊன்றி நின்றமைக்கு இவ்வமைப்பும் ஒரு காரணம் எனலாம்.

மரபியற் பகுப்பும் இவ்விருவழிப் பகுப்பும் முற்றும் ஒத்தன என மயங்கற்க. நெல்லும் புல்லே; எனினும் முக்கரி வழியினது. புல்லினத்துள் சில கிளைகளே நாற்கரி வழியை எய்தின. நெல்லுக்கும் அவ்வழியைக் கொடுக்கலாகுமா என்பது பன்னாட்டு அறிஞர் பலர் இந்நூற்றாண்டில் மேற்கொண்டுள்ள முயற்சி. நீருள் வாழும் ஹைட்ரில்லாவோ நிலைமைக்கேற்ப மாறுவது. இச்செடியைக் கொண்டே ஜகதீச சந்திர போஸ் தம் ஒளிச்சேர்க்கை ஆய்வுகளை நிகழ்த்தி 1924இல் நூலாக்கினார். அது வெப்பமும் கரியமில வாயுக் குறைவும் நேரும்போது மாலையமைப்பின்றியே நாற்கரி முறையை மேற்கொள்ளும் என்பதனைப் பின்னர் விளக்கியோருள், 1971இல் தடுமாற்றத்தை நிறுவிய பௌவெஸும் ஒருவர்.

8. இழப்போ, காப்போ?

கால்பங்கு கரியை இழக்கச் செய்யும் மீட்பு வழியை வீண் எனக் கருதி, அதனை நொதித்தடைகளால் அடக்க ஒருகால் அறிஞர் முயன்றனர். வழி அடைபட்டால் நஞ்சு தேங்கும் என்பதனை 1979ஆம் ஆண்டின் சிறுசெடியே காட்டிற்று. 1983இல் கேட்டலேஸ் குறைந்த வாற்கோதுமையும் அதனையே மெய்ப்பித்தது. இயல்பான காற்றில் அதன் இலைகள் கெட்டன. கரியமில வாயு மிகுந்த காற்றில் நலமுற்றன.

எனவே பின்னையோர் வழியை அடைக்காது சுருக்க முற்பட்டனர். கிளைக்கோலேட் பசுங்கணிகத்தை விட்டு வெளியேறாமல் அங்கேயே குறைந்த செலவில் முறிக்கப்படுமாறு புகையிலைச் செடியில் புதிய நொதிகளைப் புகுத்தினர். அமெரிக்காவில் நிலத்தில் வளர்த்துச் செய்த அவ்வாய்வு 2019இல் வெளியாயிற்று. சிறந்த செடிகளில் விளைபொருட் பெருக்கம் 40 விழுக்காட்டைக் கடந்தது. புகையிலையில் கண்டது நெல்லிலும் மாவிலும் அப்படியே கிட்டும் எனக் கூறுதல் விரைவு. ஆயினும் நஞ்சுமுறிவு என்பது ஆய்வுக்கூடச் செய்தியன்று, உணவுத் தட்டில் வந்து முடியும் செய்தி என்பது இதனால் பெறப்படும்.

ஓசூர்ப் பகுதிக்கு இது மேலும் நெருங்கியது. ஊர்திகளும் ஆலைகளும் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பிற ஆவிகளோடு கூடி வெயிலில் ஓசோன் ஆகும். வான்முகட்டில் நமக்குக் கவசமாகும் அவ்வோசோன் நிலமட்டத்தில் இலைக்கு நஞ்சு. அது பிறப்பிடத்தினும் காற்றுச் செல்லும் திசையிலுள்ள ஊர்ப்புற வயல்களில் மிகுதல் பெரும்பான்மை. இலைத்துளை வழியே புகுந்து, முற்கூறிய வெறிநிலைப் பொருள்களையே பிறப்பிக்கும். அதனை முதலில் எதிர்கொள்வதும் அணுச்சுவரில் உள்ள அஸ்கார்பேட்டே. தன் ஒளியால் விளைந்த நஞ்சிற்கென இலை சேர்த்துவைத்த முறிமருந்து, நாம் விடுத்த புகையால் விளைந்த நஞ்சிற்கும் செலவாகின்றது. இவ்வகையில் கேழ்வரகும் விலக்குப் பெற்றதன்று. மாலையமைப்பு முதல் நஞ்சினைத் தடுக்குமேயன்றி ஓசோனைத் தடுக்காது.

9. ஒளிச்சுவாசம் என்னும் சொல்

மீட்பு வழியைத் தமிழில் ‘ஒளிச்சுவாசம்’ என வழங்குகின்றோம். ஆங்கில வழக்கின் நேர்பெயர்ப்பு இது. உயிர்வளி உட்கொள்ளப்படுதலும் கரியமில வாயு வெளிப்படுதலும் பற்றிப் புறத்தோற்றத்தால் இட்ட பெயர். சுவாசத்தால் உயிர் ஆற்றலைப் பெறும். ஒளிச்சுவாசத்தால் இலை ஆற்றலைச் செலவிடும். சுவாசம் உணவை எரிக்கும். இது நஞ்சினை முறித்துக் கரியை மீட்கும். ஆகவே பெயரை மட்டும் கொண்டு பொருளுணர முயலும் மாணவர் நேர்மாறான கருத்தைப் பெறுதல் கூடும். அறிவியலைத் தமிழில் கற்கும் முதல் தலைமுறை மாணவர்க்குச் சொல்லே ஆசிரியனாதலின், இதனைச் சிறுகுறை எனத் தள்ளுதற்கில்லை.

வழக்கூன்றிய சொல்லை அகற்றுக என்பது எம் கருத்தன்று. ‘கிளைக்கோலேட் மீட்பு’ அல்லது ‘கரிமீட்பு வழி’ என்னும் தொடரை அதனோடு இணைத்து வழங்குதல் நன்று. ‘நச்சுநீக்கம்’ என்பதினும் ‘நஞ்சுமுறிவு’ பொருந்தும். நீக்கம் என்பது ஓரிடத்தினின்று அகற்றலைக் குறிக்கும். முறிவு என்பது நஞ்சின் தன்மையே கெடுதலைக் குறிக்கும். இலையில் நிகழ்வது பின்னதே. நம் மருத்துவ மரபும் முறி, முறிவு என்னும் சொற்களை இப்பொருளில் நெடுங்காலமாக ஆண்டுவருகின்றது. நொதி என்னும் சொல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நொதித்தல் என்னும் வழக்குச் சொல்லின் அடியாகப் பிறந்த அது, புளிப்பேற்றும் காடியோடு தொடர்புடைய கிரேக்கச் சொல்லின் பொருளையும் தழுவி, மாணவர் நாவிலும் எளிதில் அமைந்தது. வழக்கிலிருந்து எடுத்த சொல் நிலைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஒளிச்சேர்க்கை இருவகை நஞ்சினைப் பிறப்பிக்கின்றது. ஒன்று நொதியின் தடுமாற்றத்தாலும் மற்றொன்று ஒளியின் மிகையாலும் தோன்றுவன. முன்னதை இலை மூன்று அறைகளின் வழி முறித்து நான்கில் மூன்று பங்கு கரியை மீட்கின்றது. பின்னதை நொதிகளாலும் அஸ்கார்பேட், குளூட்டதையோன் ஆகியவற்றின் சுழலாலும் அளவில் நிறுத்துகின்றது. கேழ்வரகு போன்ற நாற்கரிப் பயிர்கள் முன்னதைப் பெரும்பாலும் பிறவாமற் காக்கின்றன. வெப்பமும் வறட்சியும் தொழில்மண்டலக் காற்றும் இவ்வமைப்பின் சுமையைக் கூட்டுவன.

ஓசூர் மேட்டில் எந்நிலம் ஆலைக்கு, எந்நிலம் கேழ்வரகிற்கு என முடிவுசெய்வோர் நிலத்தின் விலையையும் நீரையும் கணக்கிடுவர். இலை சுமக்கும் இக்கணக்கும் அவர்தம் ஏட்டில் இடம்பெறுதல் வேண்டும். அதற்கு அக்கணக்கு அவ்வூர் உழவரும் மாணவரும் படிக்கும் மொழியில் பிழையற எழுதப்பட்டிருத்தல் முதற்கடன். அக்கடனில் தாவரவியலார்க்கு உள்ள பங்கினும் தமிழாய்வார்க்கு உள்ள பங்கு குறைந்ததன்று.